அழகர் வராமலும் கல்யாணம்: நெட் இல்லாத லேப்டாப்பில் டேட்டாபேஸ் இணைப்பு பற்றி ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருள்

உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலம் பக்கத்திலிருந்து மதுரைக் கல்லூரிகளுக்கு பஸ் ஏறும் இறுதியாண்டு மாணவனை இக்கட்டுரை 'தலைவன்' எனக் குறிக்கும். அவனது புராஜெக்ட் பெரும்பான்மை நூலக மேலாண்மை, சிறுபான்மை ஆஸ்பத்திரி மேலாண்மை. நிலம், வீட்டு மொட்டை மாடி. பொழுது, ரிவ்யூவுக்கு முந்தைய யாமம். கருப்பொருள், ஸாம்ப், மைஎஸ்க்யூஎல், பாதி சார்ஜ் உள்ள பேட்டரி. மதுரைக்குக் கடல் கிடையாது எனினும், உரிப்பொருள் நெய்தலுக்குரிய இரங்கலே.

கரண்ட் போகிறது. ரவுட்டர் அக்கணமே அணைகிறது. லேப்டாப் மட்டும் பேட்டரியில் உயிர் தரிக்கிறது. அப்போது திரையில் தோன்றும் 'கனெக்‌ஷன் ஃபெயில்ட்' என்னும் தொடரே நம் ஆய்வுப் பொருள்.

2. முன்னோர் கொள்கை

இத்துறையில் மரபுகள் மூன்று. ரீஸ்டார்ட் மரபினர் காரணம் தேடார், அணைத்துப் போடுவர். ரீஇன்ஸ்டால் மரபினர் டேட்டா ஃபோல்டரையும் சேர்த்து அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றுவர். எரர் போகும், பதிவேற்றிய புத்தகங்களும் உடன்போகும். ஹாட்ஸ்பாட் மரபினரோ, "நெட் இல்லடா, அதான் கனெக்ட் ஆகல" என்று அண்ணனின் போனைக் கேட்டு மாடியிறங்குவர். செல்வாக்கு மிக்கது மூன்றாம் மரபே. மறுக்க வேண்டியதும் அதுவே.

3. மறுப்பு

தங்கையின் கல்யாணத்துக்கு அழகர் தாமதமாக வந்தார். மீனாட்சி கல்யாணம் அவருக்காகக் காத்திருக்கவில்லை. இது சித்திரைத் திருவிழா பார்த்த பிள்ளைக்கும் தெரிந்த கதை. அழகர்கோவிலிலிருந்து வைகைக்கு, வழிநெடுக மண்டகப்படிகளில் நின்று நின்று வருகிறவர் அழகர். நெட்வொர்க்கில் போகும் பாக்கெட்டும் ஒவ்வொரு ரவுட்டராக நின்றுதான் வருகிறது. மீனாட்சி தேரோ நான்கு மாசி வீதிகளையும் சுற்றி, புறப்பட்ட நிலைக்கே திரும்பிவிடும். கணினி தன்னையே அழைத்துக்கொள்ளும் 127.0.0.1 என்னும் முகவரி இந்தத் தேர் போன்றது. 127-இல் தொடங்கும் முகவரிகள் 1,67,77,216 உண்டு. அவற்றில் ஒன்றுகூடக் கணினிக்கு வெளியே தலைகாட்டலாகாது என்று 1989-இல் வெளியான 1122-ஆம் எண் இணைய நெறி ஆவணம் விதித்துவிட்டது. டேட்டாபேஸும் அதே லேப்டாப்பில் இருக்கும்போது வைஃபை வந்தாலென்ன, வராவிட்டாலென்ன?

4. கண்டறிந்தவை

அங்ஙனமாயின் கரண்ட் போனதும் இணைப்பு ஏன் அறுந்தது? என்றோ ஒருநாள் நண்பனின் போனில் புராஜெக்டைத் திறந்துகாட்ட, தலைவன் கான்ஃபிக் ஃபைலில் 192.168 எனத் தொடங்கும் எண்ணை எழுதியிருப்பான். அது ரவுட்டர் இரவல் கொடுத்த முகவரி. கொடுத்தவர் போனதும் அதுவும் போயிற்று. ஹாட்ஸ்பாட் தருவது வேறோர் எண் என்பதால், அண்ணனின் போனாலும் பயனில்லை. அந்த இடத்தில் 127.0.0.1 என எழுதுவதே மருந்து.

'லோக்கல்ஹோஸ்ட்' என எழுதலாமே எனின், அது பாடபேதம். லினக்ஸில் மைஎஸ்க்யூஎல் அச்சொல்லைக் கண்டால் முகவரி வழியே போகாது, சாக்கெட் ஃபைலைத் தேடிப் போகும். விண்டோஸில் அது ::1 என்னும் புது முகவரியாக விரியக்கூடும்; சர்வர் அங்கே செவிசாய்க்காவிடில் தட்டியும் திறவாது.

எரர் எண்களுக்கு உரை வருமாறு. 2002, 2003 எனில் சர்வர் ஓடவில்லை, அல்லது தேடிய இடம் தவறு. முதலில் ஸாம்ப் பலகையில் மைஎஸ்க்யூஎல் பச்சையாக உள்ளதா எனக் காண்க. பச்சையாக மறுக்கின், முன்னொரு ரீஇன்ஸ்டால் மரபினர் தனியே ஏற்றிய இன்னொரு மைஎஸ்க்யூஎல் 3306-ஆம் போர்ட்டில் துண்டு போட்டு இடம் பிடித்திருக்கக்கூடும். நெட்ஸ்டாட் கட்டளை அதைக் காட்டிக்கொடுக்கும். 1045 எனில் மகிழ்க. சர்வர் எழுந்துவந்து கதவைத் திறந்து, பாஸ்வேர்டு தவறு என்று முகத்துக்கு நேரே சொல்கிறது, இணைப்பில் குறையில்லை.

பட்டன்கள் நிறமிழந்து, மெனு கலைந்து பக்கம் அலங்கோலமாகத் தோன்றுவதை டேட்டாபேஸின் தலையில் கட்டுவோரும் உளர். பூட்ஸ்ட்ராப்பை வெளிச் சர்வரிலிருந்து இழுத்ததன் விளைவு அது. அந்த ஃபைல்களை ஃபோல்டரிலேயே வைத்துக்கொள்க.

விலக்கு ஒன்று உண்டு. டேட்டாபேஸ் லேப்டாப்பில் இல்லாமல் மாங்கோடிபி அட்லஸ் போன்ற கிளவுடில் இருப்பதே தெரியாத தலைவர்கள். அவர்கள் அளவில் ஹாட்ஸ்பாட் மரபே மெய்.

5. முடிவு

நம் கொள்கை வெல்லுமா எனின், ஐயமே. கரண்ட் வந்ததும் ரவுட்டர் எழும். பெரும்பாலும் பழைய எண்ணையே திரும்பக் கொடுக்கும். தலைவன் எதையும் தொடாமலே இணைப்பு உயிர்பெறும். "பாத்தியா, நெட்டு வந்ததும் சரியாயிருச்சு!" என்று அவன் தோழர்க்கு உரைப்பான். கண்முன் கிடைத்த இச்சான்றின் எதிரே 1122-ஆம் ஆவணம் எடுபடாது. ஆதலின் அடுத்த கரண்ட் கட்டிலும் ஹாட்ஸ்பாட் மரபு தழைக்கும் என்க.