பேத்திக்குக் கதை, மாப்பிள்ளைக்கு ஃபீஸ்

பொண்ணுக்குச் சரித்திரக் கதை பழக்கிக் குடுக்க ஆன்லைன் வகுப்பு பார்த்து வெச்சிருக்கீங்களாமே மாப்பிள்ளை. செய்யுங்க. மாரிகுப்பத்துல இருட்டோட பெங்களூருக்கு ரயிலேறி, விளக்கு வெச்சப்புறம் வந்து இறங்குற மனுஷர். கதை சொல்ல உங்களுக்கு ஏது நேரம்? ரயில்ல போன்ல படம் பார்க்கவே பத்தலையாமே.

ஆனா பிறந்த நாளுக்குப் பொன்னியின் செல்வன் அஞ்சு பாகத்தையும் மொத்தமா வாங்கிக் குடுத்தீங்க பாருங்க, அதுக்கு மாலையே போடணும். வீணாப் போகலை. அலமாரி மேல இருக்கிற பிஸ்கட் டப்பாவை எடுக்க அஞ்சையும் அடுக்கினா சரியான உசரம். கல்கி அதை 1950-லேருந்து 1954 வரைக்கும் வாரா வாரம் எழுதினாரு. அடுத்த இதழ் எப்ப வரும்னு ஜனங்க காத்துக் கெடந்து படிச்சாங்க. பத்து வயசுப் புள்ளை ஒரே லீவுல முடிக்கணும்னா எப்படி?

அது போகட்டும், ராஜராஜன் பட்டத்துக்கு வந்தது எந்த வருஷம்னு வேற கேட்டீங்க. 985-ன்னு சொல்லிட்டு எழுந்து போயிடுச்சு. இன்னும் ரெண்டு கேள்வி கேளுங்க, ஜென்மத்துக்கும் புஸ்தகத்தைத் தொடாது. கண்ணாடிச் செலவாவது மிச்சம்.

எங்கிட்ட விட்டிருந்தா? வந்தியத்தேவன் குதிரை மேல வீராணம் ஏரிக்கரைக்கு வர்றான், கடம்பூர் மாளிகைக்குள்ள பூந்துடறான், ராத்திரி ரகசியமாக் கூட்டம் நடக்குது, ஒளிஞ்சு பார்க்கிறான். அங்க நிறுத்திட்டு வெத்தலைப் பெட்டியைத் தேடுவேன். மறுநாள் அதுவே வந்து, “தாத்தா, அவனைப் பிடிச்சுட்டாங்களா?”ன்னு நிக்கும்.

நாலு நாள் போனா இன்னொண்ணும் கேக்கும்: “இதெல்லாம் நெசமா நடந்துச்சா?” அதுக்குத்தான் மாப்பிள்ளை இத்தனை பாடும். வந்தியத்தேவன் நெசம். குந்தவையோட வீட்டுக்காரர்னு தஞ்சாவூர்ப் பெரிய கோயில் கல்வெட்டுல பேர் இருக்கு. நந்தினி, கல்கி கட்டிவிட்ட பொம்பளை. ரவிதாசன் கல்கி மூளையில பொறந்தவன்னு நெனச்சா அதுதான் தப்பு. ஆதித்த கரிகாலனைக் கொன்ன துரோகிங்கன்னு உடையார்குடிக் கல்வெட்டு சொல்ற பேருங்கள்ல அவனும் ஒருத்தன். ஆனா பின்னால இருந்து ஏவினது யாருன்னு கல்லு சொல்லலை. அந்தச் சந்துலதான் கல்கி அஞ்சு பாகத்தை ஓட்டினாரு.

சோழனைப் பார்க்கத் தஞ்சாவூருக்கு டிக்கெட் போட வேணாம். முப்பது கிலோமீட்டர்ல கோலாரம்மா கோயில். இந்தச் சீமையே அப்போ நிகரிலிச் சோழமண்டலம். ராஜேந்திரன் காலத்துத் தமிழ் எழுத்து அங்க சுவத்துலயே இருக்கு, புள்ளை விரல் வெச்சுத் தடவட்டும். நீங்க மால்ல வண்டி நிறுத்தக் குடுக்கிற காசுல ரெண்டு பேரும் பஸ்ல போய் வந்துடலாம்.

இப்ப கே.ஜி.எஃப்.னு நம்ம ஊருப் பேர்ல வந்த படத்துக்கு வருவோம். பேத்தி எங்கிட்ட, “ராக்கி உங்ககூட வேலை செஞ்சாரா தாத்தா?”ன்னுச்சு. நைட் ஷிப்ட் மாத்திக்கக்கூடக் கேட்டான்னு சொன்னேன், நம்பிடுச்சு. நீங்களும் கொஞ்ச நேரம் யோசிச்சீங்களே, அதைத்தான் தாங்க முடியலை! படத்துல 1951-லதான் தங்கமே கண்டுபிடிக்கிறாங்க. இங்க லண்டன் ஜான் டெய்லர் கம்பெனி 1880-லேருந்து தோண்டுது. சிவசமுத்திரத்துலேருந்து 1902-லயே கரண்ட் வந்துச்சு. உங்க பெங்களூருக்கு 1905-லதான். படத்தைத் திட்டலை, விசில் அடிச்சுத்தான் பார்த்தேன். தங்கலானும் பார்த்தேன். பார்த்துட்டு வந்து எது நெசம், எது சரடுன்னு பிரிச்சுப் பேசணும், அவ்வளவுதான்.

எழுதறவங்களுக்கு இங்க சரக்கா இல்லை? 1802-ல வாரன்னு ஒரு வெள்ளைக்காரத் துரை, தங்கம் காட்டுறவனுக்குப் பரிசுன்னாரு. ஊருக்காரங்க மாட்டு வண்டியில மண்ணை ஏத்திட்டு வந்து, அவர் கண்ணு முன்னாலயே அலசிக் காட்டினாங்க. அந்த வண்டியில ஒரு பொடிப் பொண்ணை ஏத்தி உட்கார வைங்க, கதை தானா ஓடும். 1930-ல கைரேகை வைக்கச் சொன்னாங்கன்னு சுரங்கமே வேலைநிறுத்தத்துல நின்னுச்சு. அப்பனுக்குக் கஞ்சி எடுத்துட்டுப் போற பையன் அன்னிக்கு என்னத்தைப் பார்த்தான்? பேத்தி எழுதட்டும். 2001-ல சுரங்கத்தை மூடினப்போ நானே இருந்தேன். அதுக்கு நானே கல்வெட்டு.

வகுப்புக்குக் கட்டின ஃபீஸ் திரும்பி வராதாமே? கவலைப்படாதீங்க, அந்த நேரத்துல நீங்க உட்கார்ந்து கேளுங்க. பேத்தி எங்கிட்ட இருக்கட்டும். நேத்து சாம்பியன் ரீஃப்ல கூண்டு மூணு கிலோமீட்டருக்குக் கீழ எறங்கிட்டிருக்கும்போது, விளக்கு அணைஞ்ச இடத்துல நிறுத்தியிருக்கேன். மேல என்ன ஆச்சுன்னு உங்களுக்கும் வேணும்னா, வர்றப்போ ராபர்ட்சன்பேட்டையில நல்ல கும்பகோணம் வெத்தலையாப் பார்த்து ஒரு கவுளி வாங்கிட்டு வாங்க.