எந்த எம்சிபி எந்த அறைக்கு?

கேள்வி: வீட்டு வயரிங்குக்குப் படம் எதற்கு?

பதில்: சுவர் பூசி பெயிண்ட் அடித்த பிறகு வயர் போகும் வழி எலக்ட்ரீஷியனுக்கே மறந்துபோகும். எந்த எம்சிபி (சுமை கூடினால் தானாக விழும் சுவிட்ச்) எந்த அறைக்கு என்று எழுதி வைத்திருந்தால், ஒரு ஃபேனை மாற்ற வீடு முழுவதையும் இருட்டாக்க வேண்டியதில்லை.

கேள்வி: எங்கிருந்து தொடங்குவது?

பதில்: மின்சாரம் வரும் வழியிலேயே. மீட்டர், மெயின் சுவிட்ச், டிபி பாக்ஸ், அதற்குள் மின்கசிவு இருந்தால் விழும் ஆர்சிசிபி, வரிசையாக எம்சிபிகள். எம்சிபிகளுக்கு எண் கொடுத்து, அறைவாரியாக விளக்கு, ஃபேன், பிளக் பாயிண்ட் எல்லாவற்றையும் தாளில் குறிக்க வேண்டும். மும்முனை இணைப்பு என்றால் எது எந்த ஃபேஸ் என்பதையும் சேர்க்க வேண்டும்.

கேள்வி: எது எதற்கு என்று கண்டுபிடிப்பது எப்படி?

பதில்: எல்லாவற்றையும் போட்டுவிட்டு, எம்சிபிகளை ஒவ்வொன்றாக இறக்க வேண்டும். அணைந்ததெல்லாம் அந்த எண்ணின் குடும்பம். காலி பிளக் பாயிண்டில் டேபிள் லேம்ப்பைச் செருகிப் பார்க்கலாம். மூடியில் ஏற்கெனவே 'ஹால்' என்று எழுதியிருந்தாலும் சோதிப்பது நல்லது. சமையலறை மிக்ஸி அந்த ஹாலில் வாடகைக்கு இருக்கக்கூடும்.

கேள்வி: எம்சிபியை இறக்கியும் விளக்கு எரிகிறதே, பேயா?

பதில்: பேய்க்கு முன் இன்வெர்ட்டரைச் சந்தேகிக்க வேண்டும். அந்த லைனுக்குப் படத்தில் தனி நிறம் தேவை. பழுது பார்க்கும்போது இன்வெர்ட்டரையும் அணைக்க வேண்டும். மின்சாரம் இல்லை என்று டெஸ்டர் சொன்னாலும், மின்சாரம் இருக்கும் பாயிண்டில் அது எரிகிறதா என்று முதலில் பார்த்த பிறகே அதன் சாட்சியை ஏற்கலாம்.

கேள்வி: சமையலறை எம்சிபி அடிக்கடி விழுகிறது. பெரிதாக ஒன்று மாட்டினால் என்ன?

பதில்: எம்சிபி காப்பது மிக்ஸியை அல்ல, வயரை. அது 16 ஆம்பியர் எம்சிபி என்றால், 230 வோல்ட்டில் அதன் அளவு 3,680 வாட்ஸ். 2,000 வாட்ஸ் கீசர், 2,000 வாட்ஸ் இண்டக்‌ஷன் அடுப்பு, 1,500 வாட்ஸ் கெட்டில் மூன்றும் சேர்ந்தால் 5,500 வாட்ஸ். ஏறக்குறைய 24 ஆம்பியர். எம்சிபி விழுவது அதன் கடமை. வயர் பழையதாகவே இருக்க 32 ஆம்பியர் எம்சிபி மாட்டினால், அடுத்து சூடாவது சுவருக்குள் இருக்கும் வயர். சுமையைப் பிரித்து, கீசருக்குத் தனி லைன் இழுப்பதே வழி.

கேள்வி: ஆர்சிசிபி விழுந்தால்?

பதில்: எங்கோ மின்கசிவு. வீடுகளில் வழக்கமான ஆர்சிசிபி 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே விழும். எம்சிபி எல்லாவற்றையும் இறக்கி, ஆர்சிசிபியை ஏற்றி, பிறகு எம்சிபிகளை ஒவ்வொன்றாக ஏற்ற வேண்டும். எதை ஏற்றியதும் திரும்ப விழுகிறதோ, பெரும்பாலும் அந்த லைனில்தான் கோளாறு. அதில் என்னென்ன இருக்கின்றன என்பதைப் படம் சொல்லும்.

கேள்வி: படத்தை எங்கே வைப்பது?

பதில்: டிபி பாக்ஸ் மூடியின் உட்புறம் ஒரு பிரதி, கைபேசியில் ஒரு பிரதி. கைபேசியில் மட்டும் வைத்தால், மின்சாரம் போகும் நாளில் அதிலும் சார்ஜ் இருக்காது. புதிய பாயிண்ட் போடும் எலக்ட்ரீஷியனுக்குக் கூலி கொடுக்கும் முன்பே அதைப் படத்தில் சேர்த்துவிட வேண்டும்.