ஜன்னலோர சீட்

திருப்பாச்சூர் வாசீஸ்வரர் கோயில் லிங்கத்தின் மேல் ஒரு வெட்டுத் தழும்பு உண்டு. வேடர்கள் மூங்கில் புதரை வாச்சியால் வெட்டியபோது பட்டது என்கிறது தலபுராணம். அந்தத் தழும்பை ஊரே கும்பிடுகிறது. அதே ஊர்க்காரர் ஒருவரின் வலக் கன்னத்தில் ஒன்பது பழுப்புப் புள்ளிகள் தோன்றியபோது மட்டும் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள்.

"மங்குதான். ஜாதிக்காயைப் பால்ல இழைச்சுப் பூசு" என்றார் பக்கத்து வீட்டு அத்தை. டீக்கடையில் தேமல் என்று தீர்ப்பானது. "முதல்ல மூஞ்சியை ஒழுங்கா கழுவுங்க" என்றார் மனைவி.

நம்மவரோ 'ஃப்ரெக்கிள்ஸ்' என்று முடிவு கட்டினார். இங்கிலீஷ் பட நாயகிகளுக்கு வருவதாயிற்றே! சங்கப் புலவர்கள்கூடப் பெண்ணின் மேனிச் சுணங்கை வேங்கைப் பூவோடு ஒப்பிட்டார்கள். ஆண் கன்னத்துக்குத்தான் பூ எதுவும் ஒதுக்கவில்லை.

தோல் மருத்துவர் அந்தப் பெருமையையும் பிடுங்கிக்கொண்டார். ஃப்ரெக்கிள்ஸ் சின்ன வயதிலேயே தொடங்கும், எம்.சி.1.ஆர். என்ற மரபணுவின் வேலை. வெள்ளைத் தோல், செம்பட்டை முடிக்காரர்களுக்கே அதிகம். வெயில் காலத்தில் கருத்து, குளிர்காலத்தில் மங்கும். நாற்பத்தெட்டு வயதில் வந்திருப்பது லென்டிகோ. பல வருட வெயிலின் சேமிப்பு.

"அது ஏன் டாக்டர் வலது பக்கம் மட்டும்?"

"பஸ்ல எங்க உட்காருவீங்க?"

கைக்குட்டை போட்டுப் பிடிக்கும் வலப்பக்க ஜன்னலோர சீட்! காலையில் வடகிழக்கே கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகும்போது கிழக்குச் சூரியன் வலப்பக்கம். மாலையில் பஸ் திரும்பினால் சூரியனும் மேற்குக்கு இடம் மாறி அதே கன்னத்துக்குக் காத்திருக்கிறது. கண்ணாடியை மூடினாலும் பயனில்லை: புற ஊதா 'பி' கதிர் பெரும்பாலும் வெளியே நின்றுவிடும், 'ஏ' கதிர் டிக்கெட் இல்லாமல் ஏறிவிடும். 28 ஆண்டுகள் லாரி ஓட்டிய அமெரிக்கர் ஒருவரின் படம் 2012இல் அங்குள்ள மருத்துவ இதழில் வந்தது. அங்கே ஸ்டியரிங் இடப்பக்கம். இடக் கன்னம் மட்டும் சுருங்கித் தொங்கியது.

சன்ஸ்கிரீன் எழுதிக் கொடுத்த மருத்துவர், கடையில் கேட்டு வாங்கும் சிவப்பழகு கிரீம்களில் ஸ்டீராய்டு இருக்கலாம், தோல் மெலிந்துவிடும் என்று எச்சரித்தார். பிறகு தொழிற்பேட்டை ஆளுக்குப் புரியும்படி விளக்கினார். ஃப்ரெக்கிள்ஸில் நிறமிச் செல்களின் எண்ணிக்கை கூடாது. இருக்கிற செல்களே ஓவர்டைம் பார்த்து மெலனினைக் கூடுதலாகச் சுரக்கும், சீசன் முடிந்தால் ஓய்ந்துவிடும். லென்டிகோவில் ஆளே கூடுதலாகச் சேர்ப்பு, எல்லாம் பெர்மனென்ட்.

நம்மவர் சற்று நேரம் பேசவில்லை. பதினாறு வருடமாக அவர் கான்ட்ராக்ட்.