கொலம்பஸ் அண்ணன்

மழை பெய்தால் ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டு இல்லை. வெட்டு இல்லாத நாளில் வேலைக் கணக்கில் பேர் விழாது. பேர் விழாவிட்டால் அன்றைய சம்பளம் இல்லை. ஆகவே கேகாலை மாவட்டத்துத் தோட்டங்களில் காலை மழையைப் பார்த்துச் சிரிக்கிற ஆள் கிடைப்பது அரிது. எங்கள் தோட்டத்தில் ஒருவர் உண்டு. எல்லாரும் லயத்து முன்திண்ணையான இஸ்தோப்பில் குந்தி வானத்தைத் திட்டிக்கொண்டிருக்க, அவர் மட்டும் குடையை விரித்துக்கொண்டு லயம் லயமாக இறங்கி வருவார். சட்டைக்குள் ஏதோ துருத்திக்கொண்டிருக்கும். கண்டதும் பிள்ளைகள் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். பெரியவர்களுக்கு ஒளிய இடமில்லை. காம்பரா பத்துக்குப் பன்னிரண்டு அடி.

“இதப் பார்த்தியா தம்பி?”

அடையாள அட்டையில் வேறு பெயர். தோட்டம் வைத்த பெயர் கொலம்பஸ். யட்டியாந்தோட்டை, தெஹியோவிட்ட, தெரணியகல, அந்தப் பக்கம் றக்குவானை, பலாங்கொடை என்று எங்கே போனாலும் இப்படி ஒருவர் இருப்பார். தலைவர், பூசாரி, சீட்டுப் பிடிக்கிற அக்கா என்ற வரிசையில் இதுவும் ஒரு பதவிதான். தேர்தல் மட்டும் கிடையாது. புதுப் புத்தகம், புதுப் படக்கதை, யூடியூபில் நேற்றுப் பிறந்த குறும்படக்காரர் என எதுவானாலும் நமக்கு முன்னால் அவர் கண்ணில் பட்டாக வேண்டும்.

இரத்தினபுரி டவுனில் தெருவோரம் கல் விற்கிறவர்கள் மடித்த தாளை உள்ளங்கையில் வைத்து, இரண்டு பக்கமும் ஒரு பார்வை பார்த்துவிட்டு மெதுவாகப் பிரிப்பார்களே, அதே பக்குவத்தோடு பொலித்தீன் பையைப் பிரிப்பார். அந்த நேரத்தில் நாம் சொல்லவேண்டிய பதில் ஒன்றே ஒன்று: “இல்லண்ணே, பார்க்கல.” முகம் பூத்துப்போகும். “பார்த்துட்டேன்” என்று சொல்லிவிட்டால் பாவம், பிளேன்டீயைக்கூட முடிக்காமல் எழுந்துவிடுவார். தைரியம் உள்ள நாளில் மட்டும், “பழைய பதிப்பா, திருத்தின பதிப்பா?” என்று ஒரு கடைசிக் கேள்வி கேட்டுப் பார்ப்பார்.

படக்கதை என்று நாம் சொல்லக் கூடாது. கிராபிக் நாவல். மர்ஜானே சத்ரபி என்ற ஈரான்காரப் பெண் தன் சிறுவயதைக் கறுப்பு வெள்ளைப் படங்களாக வரைந்து 2000-ல் பிரான்சில் வெளியிட்ட ‘பெர்சபோலிஸ்’, யூதர்களை எலிகளாக வரைந்து 1992-ல் புலிட்சர் பரிசு வாங்கிய ஆர்ட் ஸ்பீகல்மனின் ‘மவுஸ்’ இரண்டையும் பற்றி காலையில் ஆள் கணக்கெடுக்கிற எங்கள் பிரட்டுக்களத்தில் ஆறு மணிக்கு விளக்கியவர் அவர். கங்காணி பொறுமையாகக் கேட்டார். “எலியத்தானே தம்பி வரைஞ்சிருக்கான், எங்க காம்பராவுக்கு வந்தா நேர்லயே பார்க்கலாமே” என்றார்.

ஓய்வுபெற்ற பெரிய கங்காணித் தாத்தா அதைவிட மோசம். தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்கு அனுப்பிய சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தில் கப்பலேறிக் கூடலூருக்குப் போன மச்சான் ஒருவர், 1972-ல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் தொடங்கியபோது வந்த ‘இரும்புக்கை மாயாவி’யைப் பல வருஷம் கழித்துப் பழைய துணிமூட்டையோடு அனுப்பிவைத்தாராம். மாயாவி மின்சாரம் பாய்ந்தால்தான் மறைவான். “அப்ப லயத்துல கரண்டே கெடயாது தம்பி. இங்க வந்திருந்தா அவன் பாடு திண்டாட்டம், தொரகிட்ட நேரா மாட்டியிருப்பான்” என்று தாத்தா சிரித்தார். கொலம்பஸ் அண்ணன் சிரிக்கவில்லை. தான் போய் இறங்கிய கரையில் வேறொருவன் எத்தனையோ வருஷமாகக் குடியிருக்கிறான் என்று தெரிந்தால் எந்தக் கொலம்பஸுக்குத்தான் சிரிப்பு வரும்?

செலவைச் சொல்லவேண்டும். தோட்டத்து நாட்சம்பளம் 2021-ல் 1000 ரூபாய் ஆனது, 2024-ல் 1350. சென்னையில் 350 ரூபாய் போட்ட புத்தகம் கடல் தாண்டும்போது கிட்டத்தட்ட நாலால் பெருக்கிக்கொள்ளும். ஆக, அந்த 1350-ல் ஒரு முழுப்பேரைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் கடைசி அத்தியாயத்துக்கு ஐம்பது ரூபாய் குறைந்தது. செப்டெம்பரில் கொழும்பு பண்டாரநாயக்க மண்டபத்தில் புத்தகக் கண்காட்சி. அதற்கு விடியற்காலை பஸ் பிடிக்கவேண்டுமென்று முதல்நாளே பாதி மரத்தோடு கத்தியை வைத்துவிட்டு வந்து, அரைப்பேர் வாங்கிக்கொண்டு நிற்பார். “அரிசி எங்கன்னு கேட்டா, இந்தா வாசின்னு நீட்டுறாரு” என்பது அண்ணியின் புகார். அண்ணியும் லேசுப்பட்டவர் அல்ல. கெட்டி அட்டை போட்ட பெரிய புத்தகமாகப் பார்த்துச் சோற்றுப்பானை மூடிமேல் பாரம் வைக்கிறார். முதுகு பிய்ந்தால் அண்ணன் ரப்பர் பால் தடவி ஒட்டுவார். ஆகவே எங்கள் பக்கத்து உலக இலக்கியத்துக்குத் தனி வாடை ஒன்று உண்டு.

இரவல் கொடுப்பதில் தாராளம். வாங்காமல் தப்ப முடியாது. மறுநாள் சாயந்தரம் பரீட்சை. விடிய நாலு மணிக்கு எழும்புகிறவன் மூன்றாம் பக்கத்தில் தூங்கிப்போவான் என்பது அவருக்குப் புரியாது. “அந்த முடிவு எப்படி?” என்று கேட்டால், “பிரமாதம்ணே, நான் எதிர்பார்க்கவே இல்ல” என்பது எல்லாப் புத்தகத்துக்கும் பொருந்துகிற விடை.

படங்களுக்கு என்றே ஒரு பாறை இருக்கிறது. தண்ணீர்த் தாங்கிக்கு மேலே, மாடசாமி கோயிலுக்குப் பக்கத்தில்; தோட்டத்தில் சிக்னல் ஒழுங்காக நிற்கிற இடம் அதுதான். மாலையில் அங்கே அவர் உருவம் தெரிந்தால் உலகத்தில் எங்கேயோ ஒரு புதிய இயக்குநர் உதயமாகிவிட்டார் என்று அர்த்தம். பி.எஸ். வினோத்ராஜின் ‘கூழாங்கல்’ 2021-ல் ரொட்டர்டாம் விழாவில் புலி விருது வாங்கிய செய்தி அந்தப் பாறையில்தான் எங்களுக்குக் கிடைத்தது. உடனே இரத்தினபுரிப் பக்கம் மாணிக்கக் குழியில் வேலைசெய்யும் சகலைக்குப் போன் போட்டார். மறுமுனையில் நீண்ட யோசனை. “கூழாங்கல்லுக்கா? அத நாங்க சலிச்சு வெளிய கொட்டுறோமே சகல!”

கூட்டம் சேர்ந்துவிட்டால் மட்டும் அவருக்கு ஆகாது. ஒரு சேனலை ஆறு மாதம் தலையில் வைத்து ஆடினார்; எங்கள் கையைப் பிடித்து ‘சப்ஸ்கிரைப்’ அழுத்தவைத்தார். ஒரு நாள் அவிசாவளை பஸ்ஸில் கண்டக்டர் அதே வீடியோவைச் சத்தமாகப் போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். கொலம்பஸ் அண்ணன் இரண்டு ஹோல்ட் முன்னாடியே இறங்கி நடந்து வந்தார். “அவன் கெட்டுட்டான்டா” என்றார், ஊரைவிட்டு ஓடிப்போன தம்பியைப் பற்றிச் சொல்கிற குரலில். இவருக்குப் பிடித்த கலைஞன் பிழைக்க வேண்டுமென்றால் இவரைத் தவிர வேறு யாருக்கும் பிடிக்கக் கூடாது.

கேலி செய்கிறேனே தவிர, தோட்டத்துக்குள் எழுத்து எப்போதும் இப்படிப்பட்ட கிறுக்கர்கள் மடியில்தான் வந்திருக்கிறது. வெளியாள் உள்ளே நுழையவே முடியாத காலத்தில் பத்திரிகையாளர் கோ. நடேசய்யர் புடவை வியாபாரி வேஷத்தில் லயங்களுக்கு வந்தார். ‘மல்லிகை’ இதழை 1966-ல் தொடங்கிய டொமினிக் ஜீவா அதை யாழ்ப்பாணத் தெருக்களில் கையில் சுமந்து விற்றார். கடை வராத இடத்துக்கு ஆள்தான் வரவேண்டும். எனக்கு அண்ணன்மேல் உள்ள மனத்தாங்கல் வேறு: அவருடைய தொலைநோக்கி கிட்டத்தில் உள்ளதைக் காட்டாது.

2013-ல் தெளிவத்தை ஜோசப்புக்குத் தமிழ்நாட்டில் விஷ்ணுபுரம் விருது கொடுத்தார்கள். அண்ணன் மழையில் நனைந்துகொண்டே ஓடிவந்தார்: “நம்ம மலையகத்துல ஒரு எழுத்தாளர் இருக்காராம்டா!” பள்ளிக்கூடத்துப் பழைய வாத்தியார் பெட்டியைத் திறந்து ‘காலங்கள் சாவதில்லை’ நாவலை எடுத்து மடியில் போட்டார். 1974-ல் வீரகேசரி வெளியிட்டது. “இவரு கதையிலதான் வி.பி. கணேசன் ‘புதிய காற்று’ படம் எடுத்தாரு, 75-ல. டவுனுக்கு நடந்துபோயிப் பார்த்தேன்” என்றார். அண்ணன் முதல் பக்கத்தில் இருந்த வருஷத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, “சரி சேர். ஆனா விருது கெடைக்கும்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்காதே?” என்றார். அண்ணனை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. உள்ளூர் மாடு விலைபோக அது ஒருமுறை தமிழ்நாட்டுக்குப் போய் வரவேண்டியிருக்கிறது. ‘நூலகம்’ என்ற இணையத்தளத்தில் 2005 முதல் ஈழத்துப் பழைய புத்தகங்களை ஒவ்வொன்றாக ஏற்றிவைத்திருக்கிறார்கள், காசு கேட்பதில்லை. பாறையில் அதுவும் திறக்கும். ஆனால் அங்கே இருப்பவை ஏற்கனவே ஒருவர் கண்டெடுத்தவை. அதில் அண்ணனுக்கு என்ன சுவை?

போன மழைக்கு வந்தார். கனடாவிலிருந்து ஒரு நண்பர் அனுப்பிய குறும்படம், பார்த்தவர்கள் இருநூற்றுச் சொச்சம் பேர்தான், ஆகவே மகா கலை. இஸ்தோப்பில் பத்துப் பேரைக் கூட்டிப் போனைச் சுவரில் சாய்த்துவைத்தார். கறுப்பு வெள்ளை. ஒரு கிழவியின் முகம், கிட்டத்தில். வெற்றிலை இடிக்கிற சத்தம். கிழவி ஒன்றும் பேசவில்லை.

“ஈரான் படத்தோட சாயல் இருக்கு பார்த்தியா? இந்த அம்மா ஏதோ நாடகப் பள்ளியில படிச்சவங்க. அந்த மௌனத்தப் பாரு!”

“மௌனம் இல்லடா, வாயில வெத்தல” என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

மேல் லயத்துக் காளியம்மா பாட்டி. எடுத்தது அவர் பேத்தி. அவிசாவளைப் பக்கம் கார்மெண்டில் வேலை, ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தால் போனும் கையுமாகக் கோழிக்கூட்டுக்குப் பின்னால் திரிகிற பிள்ளை. அண்ணன் வீட்டுக்கும் அந்தக் கோழிக்கூட்டுக்கும் நடுவில் ஒரு கொடிக்கயிறு மட்டுமே.

அண்ணன் திரையைப் பார்த்தார், பாட்டியைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். அரை நிமிஷம்கூட ஆகவில்லை, சுதாரித்துக்கொண்டார். “பாட்டி, தோட்டத்துல இத மொதல்ல கண்டுபிடிச்சது நான்தான், நெனவு வச்சுக்குங்க. கடைசியில எழுத்து ஓடுது பாருங்க, ஒங்களுக்குப் பேர் போட்டிருக்காங்க.”

பாட்டி இடிப்பதை நிறுத்தினார்.

“அரப்பேரா, முழுப்பேரா?”