ஊதிப் பார், தட்டிப் பார்

பழைய சாமான் கடையிலிருந்து வந்த கறுப்பு பேக்லைட் போனுக்கு மெருகேற்றி, புது ஒயர் போட்டு, லேண்ட்லைனில் மாட்டியாயிற்று. மணி அடித்தால் தெருமுனை நாய் எழுந்து உட்கார்ந்தது. மணிக்காக லைனில் வருவது சுமார் 75 வோல்ட். அந்த நேரம் பார்த்து ஒயரைத் தொட்டால் நாமும் சேர்ந்து அதிர்வோம். டயல் டோன் கணீரென்று இருந்தது. எதிர்முனையில் மூச்சு விடுவதுகூடக் கேட்டது. என் குரல் மட்டும் அங்கே போய்ச் சேரவில்லை.

லைன் கோளாறு என்றார் எலக்ட்ரீஷியன். மாடி வீட்டுக்காரர், ஓய்வு பெற்ற லைன்மேன், ஒரே ஒரு சோதனை சொன்னார்: "வாய்ப்பக்கம் ஊதுங்க சார். உங்க காதுலயே 'புஸ்'ஸுன்னு கேக்கணும்." கேட்கவில்லை. ஆக, லைன் நிரபராதி. குற்றவாளி ரிசீவருக்குள்ளேயே இருக்கிறான். பேசுகிறவர் குரலில் கொஞ்சம் அவர் காதுக்கே திரும்பி வரும்படிதான் இந்தப் போன்களை அமைத்திருக்கிறார்கள். அது அதிகமானால் மனிதன் குசுகுசுப்பான். வராமலே போனால் கத்துவான். நான் ஏன் கத்திக்கொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் விளங்கியது. (வீட்டில் வேறு காரணம் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.)

வாய்ப்பக்க மூடியைத் திருகினால் உள்ளே வட்டமாக ஒரு டப்பி. அதற்குள் கரித்துகள். 1877-இல் எடிசன் கரியை வைத்துச் செய்த ஏற்பாட்டின் வாரிசு. குரல் பட்டுத் தகடு அழுந்தினால் துகள்கள் நெருங்கி மின்சாரம் கூடும், தளர்ந்தால் குறையும். ஈரம் ஏறிவிட்டாலோ மழைக்கால உப்பு ஜாடியின் கதைதான், கட்டிதட்டிவிடும். மருந்து: டப்பியைப் பக்கவாட்டில் பிடித்து விரல் முட்டியால் நாலு தட்டு.

என் முதல் ஆபீசில் ஹெட்கிளார்க் ஒருவர் ரிசீவரை மேஜையில் டொக்கு டொக்கென்று அடித்துவிட்டுத்தான் பேசவே தொடங்குவார். முன்கோபி என்று நாங்கள் ஒதுங்கிப் போவோம். பாவம், மனிதர் பராமரிப்பு வேலை பார்த்திருக்கிறார்.

தட்டியதும் குரல் வந்தது, கூடவே கொஞ்சம் கரகரப்பும். "டப்பிக்குள்ள புது மைக் வெச்சுத் தரேன் சார், எஃப்.எம். மாதிரி கேக்கும்" என்றார் ரிச்சி தெருக் கடைக்காரர். வேண்டாம் என்றுவிட்டேன். எஃப்.எம். கேட்க வீட்டில் ரேடியோ இருக்கிறது.

இப்போது எல்லாருக்கும் நான் பேசுவது கேட்கிறது. கும்பகோணம் அத்தைக்கு மட்டும்தான் மனக்குறை. "முன்னாடி நன்னாத்தான்டா இருந்துது. இப்ப என்னமோ கோளாறு, நான் பேசிண்டிருக்கறச்சே நடுநடுவுல உன் குரல் வரது."