ஐப்பசியில் அழகெழுத்து

மேல்நாட்டில் இலையுதிர்காலம் என்றால் கம்பளி, காபி, தூரிகைப் பேனா. வடலூரில் ஐப்பசி என்றால் அடைமழை, கொசுவர்த்தி, காயாத துணி. ஆனாலும் அழகெழுத்து மோகம் இங்கும் வந்துவிட்டது. ‘அருட்பெருஞ்ஜோதி’ எழுத உட்கார்ந்தால், நமுத்த தாளில் ‘ஞ’வின் சுழியில் மை ஊறி, எழுத்து கருவண்டாகிறது. ‘ஜோ’வின் கொம்புக்கு யூடியூபில் தனிப் பாடம். அந்த ஒரு சொல் முடிவதற்குள் சாயங்காலம் போய்விடும். ஸ்டேட்டஸில் மட்டும் உடனே ஏறிவிடும்.

பக்கத்து மேட்டுக்குப்பத்தில் 1872இல் வள்ளலார் 1596 வரி ‘அருட்பெருஞ்ஜோதி அகவலை’ ஒரே இரவில் எழுதினார் என்பார்கள். பிரஷ் பேனா கிடைக்காத காலம். விஷயத்தை மட்டும் எழுதிவிட்டார், பாவம்.

தைப்பூசத்துக்கு நம் அழகெழுத்துக் கலைஞர்களும் ஃபிளெக்ஸ்தான் அடிக்கிறார்கள். கையால் போர்டு எழுதியவர் இப்போது ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். வண்டியின் பின்னால் இருப்பதும் ஸ்டிக்கர்.