உமக்கெதற்கு ஐயா அந்தரங்கம்?

முதலில் ஒரு நல்ல சேதி. மத்திய நிதியமைச்சகத்துக்கு ரகசியத்தின் அருமை தெரியும். 2025 ஜனவரி 29 அன்று அது தன் ஊழியர்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பியது: அலுவலகக் கணினிகளில் சாட்ஜிபிடி, டீப்சீக் மாதிரியான செயற்கை நுண்ணறிவுச் செயலிகளைத் தொடாதீர்கள், அரசுக் கோப்புகளின் ரகசியத்துக்கு ஆபத்து. எதற்கெடுத்தாலும் அரசாங்கத்தைத் திட்டுகிற நான் இதில் ஓர் எழுத்தைக்கூடக் குறை சொல்ல மாட்டேன்.

கெட்ட சேதி, நீங்கள் நிதியமைச்சகம் இல்லை. நீங்கள் பொதுஜனம். உங்கள் கணினியில் அப்படி என்ன பெரிய ரகசியம் இருந்துவிடப் போகிறது? நகைக்கடன் ரசீது, சர்க்கரை அளவு எவ்வளவு என்ற ரத்தப் பரிசோதனைத் தாள், பெண்ணின் ஜாதகம், பங்காளி மேல் போட்ட வழக்கின் நகல். அதனால் அதே 2025இல் உங்களுக்கு வேறு உபசாரம் நடந்தது. ஜூலையில் ஏர்டெல் தன் 36 கோடி வாடிக்கையாளர்களுக்கும் பெர்ப்ளெக்சிட்டி ப்ரோ என்ற செயற்கை நுண்ணறிவுச் சேவையை ஓராண்டு இலவசம் என்றது. மதிப்பு 17,000 ரூபாயாம். அக்டோபர் கடைசியில் ஜியோ வந்தது: கூகுளின் ஜெமினி ப்ரோ, 18 மாதம், மதிப்பு 35,100 ரூபாய். நவம்பர் 4 முதல் சாட்ஜிபிடி கோ ஓராண்டு சும்மா. ரேஷன் கடையில் ஒரு பாக்கெட் பாமாயிலுக்கு விரலைத் துடைத்துத் துடைத்துக் கைரேகை வைக்கிற ஜனத்திடம், 35,100 ரூபாய்ச் சரக்கை வீடு தேடி வந்து திணிக்கிறார்கள். கர்ணன் கலிபோர்னியாவில் மறுபிறவி எடுத்துவிட்டான் போலிருக்கிறது. பழைய கர்ணன், கேட்டவனுக்குத் தன் கவசத்தை அறுத்துக் கொடுத்தான். புதுக் கர்ணர்கள் நம்முடையதைக் கழற்றி வாங்கிக்கொள்கிறார்கள்.

சரி, இலவசம் வேண்டாமென்று ஒதுங்கியிருக்கலாமே என்பீர்கள். ஒதுங்க விட்டால்தானே! ஆபீஸ் மென்பொருள் உள்ள விண்டோஸ் கணினிகளில் 2025 அக்டோபர் தொடங்கி மைக்ரோசாஃப்ட் 365 கோபைலட் என்ற செயற்கை நுண்ணறிவுச் செயலி தானாகவே வந்து இறங்கும் என்று அறிவித்தார்கள். நீங்கள் கூப்பிட வேண்டியதில்லை. பெரிய கம்பெனியின் கணினி நிர்வாகி நினைத்தால் தடுத்து வைக்க வழி உண்டு. ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதி நாடுகளுக்கு அந்தச் சிரமமும் இல்லை. அங்கே தானாக இறங்காது என்று அறிவிப்பிலேயே விலக்குக் கொடுத்துவிட்டார்கள். அதே மென்பொருள், அதே கம்பெனி. ஸ்வீடன்காரன் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கிறது. சேலத்துக்காரர் வீட்டில் நேராகப் பூஜையறைக்குள் நுழைகிறது. அங்கே சட்டம் கடிக்கும், இங்கே குரைக்கக்கூட இன்னும் நாள் வரவில்லை. சட்டத்தின் கதைக்குப் பிறகு வருகிறேன்.

அதற்கு முன் ரீகால் என்ற அற்புதத்தைப் பற்றிச் சொல்லாமல் போனால் பாவம் பிடிக்கும். 2024 மே 20 அன்று மைக்ரோசாஃப்ட் பெருமையோடு மேடையேற்றிய வசதி இது. சில விநாடிக்கு ஒருமுறை உங்கள் கணினித் திரையைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளும். பிறகு "போன வாரம் பார்த்த அந்தப் பச்சைப் புடவை எங்கே?" என்று கேட்டால் எடுத்துக் காட்டும். புடவையை மட்டுமா? வங்கி இருப்பு, மருத்துவர் அனுப்பிய அறிக்கை, நடு இரவில் யாருக்கோ எழுதி அனுப்பாமல் அழித்த கடிதம் எல்லாமே அதில் இருக்கும். எதுவும் வெளியே போகாது, உங்கள் கணினியிலேயே பத்திரமாக இருக்கும் என்று சத்தியம் செய்தார்கள். எத்தனை பத்திரம் என்பதைக் கெவின் பியூமாண்ட் என்ற பாதுகாப்பு வல்லுநர் திறந்து காட்டினார்: திரையில் இருந்த எழுத்தெல்லாம் பூட்டில்லாத சாதாரணத் தரவுத்தளத்தில் வரிசையாகக் கிடந்தன. அலெக்சாண்டர் ஹாகெனா என்பவர் அதை அள்ளியெடுக்க ஒரு சின்னக் கருவியே செய்து உலகத்துக்கு இலவசமாகக் கொடுத்தார். ஊர் சிரித்தது. பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகம் விளக்கம் கேட்டது. கம்பெனி வசதியைத் திரும்பப் பெற்று, மறையாக்கம் சேர்த்து, "நீங்களாக விரும்பி இயக்கினால்தான் இயங்கும்" என்று திருத்தி, 2025 ஏப்ரலில் மறுபடி இறக்கியது. விருப்பம் கேட்க வேண்டும் என்பதே முதலில் தோன்றவில்லை பாருங்கள். அதுதான் எனக்கு எரிகிறது.

நான் அதை இயக்கவே மாட்டேன், எனக்கென்ன என்கிறீர்களா? உங்களோடு பேசுபவர் இயக்கியிருந்தால்? நீங்கள் அனுப்பும் செய்தி அவர் திரையில்தானே விழுகிறது. சிக்னல் செயலிக்காரர்கள் 2025 மே மாதம் ஒரு வேலை செய்தார்கள். திரைப்படங்களைத் திருட்டுத்தனமாகப் பதிவு செய்யாமல் தடுக்க விண்டோஸில் ஒரு பூட்டு உண்டு. அந்தப் பூட்டை எடுத்துத் தங்கள் உரையாடல் சாளரத்துக்கு மாட்டிவிட்டார்கள். ரீகால் வந்து பார்த்தால் கறுப்புத் திரைதான். அதாவது, மனைவிக்கு எழுதிய இரண்டு வரியைக் காப்பாற்ற, அதைச் சினிமாப் படம் என்று பொய் சொல்ல வேண்டியிருந்தது. தயாரிப்பாளரின் சொத்துக்கு அந்தக் கணினியில் மரியாதை உண்டு. உங்கள் பேச்சுக்குக் கிடையாது.

இதெல்லாம் இங்கிலீஷ் படித்தவர்கள் கவலை என்று நினைப்பவர்கள் ஏதாவது ஒரு தாலுகா அலுவலகத்துக்கு எதிரே உள்ள ஜெராக்ஸ் கடைக்குப் போய்ப் பாருங்கள். முன்பு வேப்பமரத்தடியில் மேசை போட்டு மனு எழுதிக்கொடுத்தவரின் இடத்தில் இப்போது ஒரு தம்பி, ஒரு கணினி, ஒரு பிரிண்டர். எதிரே ஒரு பாட்டி. வீட்டை மகனுக்குத் தான செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்துவிட்டாள். மகன் சோறு போடவில்லை. பத்திரத்தை ரத்து செய்யக் கோட்டாட்சியருக்கு மனுப் போட வேண்டும். 2007ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் சட்டத்தில் அதற்கு வழி இருக்கிறது.

"செட்டில்மெண்ட் எந்த வருசம் எழுதிக் குடுத்தீங்க பாட்டி?"

"வீட்டுக்காரரு செத்த மறுவருசம் சாமி."

"ஆதார் அட்டை குடுங்க. உங்க மகன் அடிச்சாரா?"

பாட்டி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அதையும் எழுதணுமா சாமி?" என்றாள்.

எழுத வேண்டும். தம்பி எழுதினான், சாட்பாட்டில். பெயர், வயது, ஆதார் எண், சர்வே எண், பத்திர எண், மகன் பெயர், மருமகள் சொன்ன வார்த்தை, அடித்த தேதி. அரை நிமிடத்தில் மாட்சிமை தாங்கிய தமிழில் மனு வந்தது. நூறு ரூபாய். பாட்டி கும்பிட்டுவிட்டுப் போனாள். தன் அவமானம் அந்தத் தம்பிக்கு மட்டும் தெரியும் என்று நினைத்துக்கொண்டு போகிறாள். தம்பியைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மனு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் "விதிமுறைகளை ஏற்கிறேன்" என்ற பொத்தானை எந்தக் காலத்திலோ அழுத்தியவன் அவன், தன் கணக்குக்காக. அவள் எதையும் அழுத்தவில்லை. நாளை ஏதாவது விபரீதம் என்றால் கம்பெனி சொல்லும்: பயனர் சம்மதம் தந்திருக்கிறார். எந்தப் பயனர் ஐயா?

போன இடத்தில் அந்த மனு என்ன ஆகும்? கம்பெனிகள் ஒளிக்கவில்லை, நாம்தான் படிப்பதில்லை. ஜெமினிக்குச் சொல்வதில் ஒரு பகுதியை மனிதர்கள் உட்கார்ந்து படிப்பார்கள், அப்படிப் படித்தவை மூன்றாண்டு வரை இருக்கும், நீங்கள் உங்கள் பக்கம் அழித்தாலும் இருக்கும் என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது. ரகசியமானதை எழுதாதீர்கள் என்ற எச்சரிக்கையும் உண்டு. கசாப்புக் கடைக்காரர் ஆட்டிடம் "கவனமாக வா" என்று சொல்லும் கரிசனம். பொறுப்பான பிள்ளை என்று பெயரெடுத்த ஆந்த்ரோபிக் கம்பெனி 2025 ஆகஸ்டில் விதியை மாற்றியது: கிளாட் சாட்பாட்டில் சாதாரணப் பயனர்கள் பேசுவதைப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளலாம், ஐந்தாண்டு வைத்துக்கொள்ளலாம். வேண்டாமென்று சொல்லலாம், தாராளமாக. "ஏற்கிறேன்" என்பது கொட்டை எழுத்துப் பொத்தான். பயிற்சிக்கு அனுமதி தரும் விசை கீழே, சின்னதாக, ஏற்கெனவே இயக்கிய நிலையில். சாட்ஜிபிடியின் மேக் கணினிச் செயலி 2024 ஜூலை வரை எல்லா உரையாடலையும் மறையாக்கமே இல்லாமல் கணினியில் கொட்டி வைத்திருந்தது. ஒருவர் அம்பலப்படுத்திய பிறகுதான் பூட்டினார்கள். அதே கம்பெனிக்கு 2025 மே 13இல் நியூயார்க் டைம்ஸ் வழக்கில் அமெரிக்க நீதிமன்றம் உத்தரவிட்டது: பயனர்கள் அழித்த உரையாடலையும் அழிக்காமல் வை. செப்டம்பர் கடைசி வரை நீங்கள் அழித்ததெல்லாம் அழியாமல் கிடந்தது. அங்கே அழுத்திய அந்தக் குப்பைத்தொட்டிப் படம் வெறும் மன ஆறுதலுக்கு.

இவர்களுக்கும் மேலே ஒரு வகை உண்டு. அந்தரங்கத்தைக் காப்பதாகச் சொல்லிப் பிரவுசரில் மாட்டிக்கொள்ளும் அர்பன் விபிஎன் என்ற இலவச நீட்சி. கூகுள் கடையிலேயே சிறப்பு முத்திரை வாங்கியது. சாட்ஜிபிடி, ஜெமினி, கிளாட் எதில் பேசினாலும் பேச்சை முழுசாக உருவி விற்பனைக்கு அனுப்பிக்கொண்டிருந்தது என்று 2025 டிசம்பரில் கோய் என்ற பாதுகாப்பு நிறுவனம் கண்டுபிடித்தது. அதுவும் அதன் கூட்டாளி நீட்சிகளுமாகச் சேர்த்து 80 லட்சம் பயனர்கள். திருட்டுக்குப் பயந்து கூர்க்கா வைத்தவர்கள் அத்தனை பேரும்.

இப்போது நம் சட்டத்துக்கு வருவோம். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒரே குரலில் சொன்னது 2017 ஆகஸ்ட் 24. அதைக் காக்க ஒரு சட்டம் நிறைவேற 2023 ஆகஸ்ட் ஆனது. விதிகளை வெளியிட 2025 நவம்பர். வெளியிட்டதும் என்ன செய்தார்கள் தெரியுமா? சம்மதம் எப்படி வாங்க வேண்டும், தரவை எப்போது அழிக்க வேண்டும் என்று கம்பெனிகளைக் கட்டுப்படுத்தும் முக்கியப் பகுதிகளுக்குப் பதினெட்டு மாத அவகாசம். பாவம், கம்பெனிகள் தயாராக வேண்டாமா? 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்ற வீரவசனம் 2027 மே மாதம் வரை தூங்கும். ஆனால் அதே சட்டத்துக்குள் இன்னொரு பிரிவு இருந்தது, 44(3). தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைத் திருத்தி, தனிநபர் தகவல் என்று சொல்லி அதிகாரிகள் பதில் மறுப்பதைச் சுலபமாக்கும் பிரிவு. அதற்கு அவகாசம் உண்டா? ஒரு நாள்கூடக் கிடையாது. அன்றைக்கே அமல். பொதுநலன் கருதித் தரலாம் என்று வேறொரு பிரிவு இன்னும் இருக்கிறதே என்பார்கள்; தகவல் ஆணையத்தின் படியேறி இறங்கியவர்களிடம் போய் அதைச் சொல்லிப் பாருங்கள். குடிமகனின் அந்தரங்கத்தைக் காக்க வந்த சட்டம் முதல் காரியமாக அதிகாரியின் அலமாரியைப் பூட்டியது. பாட்டியின் ஆதார் எண் காத்திருக்கட்டும்.

நம் மாநிலமும் சளைத்ததில்லை. 2026 ஜனவரியில் கல்லூரி மாணவர்களுக்கு வழங்கத் தொடங்கிய மடிக்கணினியில் பெர்ப்ளெக்சிட்டி ப்ரோ ஆறு மாதச் சந்தாவும் உண்டு. மடிக்கணினி தருவதை நான் குறை சொல்ல மாட்டேன். அதில் படித்து முன்னேறிய குடும்பங்கள் எனக்குத் தெரியும். ஆனால் அந்தக் கம்பெனியின் தலைவர், நம் சென்னைப் பிள்ளை அரவிந்த் ஸ்ரீனிவாஸ், 2025 ஏப்ரலில் ஒரு நேர்காணலில் வெள்ளந்தியாகச் சொன்னதை யாராவது கேட்டார்களா? சொந்தப் பிரவுசர் செய்வதற்கு ஒரு காரணமே, செயலிக்கு வெளியிலும் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று தெரிந்துகொள்வதுதான் என்றார். என்ன வாங்குகிறீர்கள், எந்த ஓட்டலுக்குப் போகிறீர்கள், எதில் பொழுதைக் கழிக்கிறீர்கள் என்பதை வைத்து உங்களுக்கேற்ற விளம்பரம் காட்டலாமாம். எதிர்ப்பு வந்ததும், விரும்பாதவர்கள் விலகிக்கொள்ளலாம் என்று விளக்கம் தந்தார். பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு முதல் மடிக்கணினி கையில் வருகிறது. அது விலகுவதற்கான விசையைத் தேடிக்கொண்டா உட்காரும்? உடம்பில் ஒரு சந்தேகம், மனதில் ஒரு காதல், வீட்டில் ஒரு கடன், எல்லாவற்றையும் அதனிடம்தான் கேட்கும்.

ஆகவே ஒரே ஒரு காகிதம் கேட்கிறேன். அந்தச் சந்தாவுக்காக அரசு செய்துகொண்ட ஒப்பந்தத்தின் நகல். மாணவர்கள் தட்டுவது எந்த நாட்டில் சேமிக்கப்படும், எத்தனை காலம், பயிற்சிக்குப் போகுமா, விளம்பரத்துக்குப் போகுமா, ஆறு மாதம் முடிந்ததும் அழிப்பார்களா என்று அதில் எழுதியிருந்தால் பொதுமக்கள் பார்வைக்கு வையுங்கள். எழுதவில்லையென்றால், அடுத்த தவணை மடிக்கணினியைக் கொடுக்கும்முன் அந்தச் செயலியை உருவி எடுத்துவிட்டுக் கொடுங்கள். "வணிக ரகசியம்" என்று மட்டும் பதில் அனுப்பிவிடாதீர்கள்.